கூட்டல் இரண்டு

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டு மாடியில் துப்பாக்கிச் சூடு நடக்கும். சத்தம் கேட்காது. மூன்று பகடைகள் உருளும். ஒருவர் கூட்டிச் சொல்வார். ஒருத்தி கைதட்டுவாள், இன்னொருத்தி தலையில் கை வைத்துக்கொள்வாள். அன்னவாசலுக்குத் தாயம் தெரியும், பல்லாங்குழி தெரியும், சீட்டு நன்றாகவே தெரியும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று சொன்னால்தான் விழிப்பார்கள். அதனால் கீழ்வீட்டில் கேட்டால் "கதை சொல்லி விளையாடுறோம்" என்று சொல்லிவிடுவோம். அது பொய்யும் இல்லை.

ஆட்டம் இவ்வளவுதான்: ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்தின் திறன்கள் ஒரு தாளில் எண்களாக எழுதியிருக்கும். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். உலகத்தை விவரிப்பதும், எதிரில் யார் வருகிறார்கள் என்று சொல்வதும் அவர் வேலை. "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், அது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு வழிபோட்டது. அதுவும் ஆண்கள் பொம்மைப் படைகளை வைத்து விளையாடிய போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அந்த மேசைகளில் பெண்களுக்கு நாற்காலி கிடைக்கப் பல காலம் ஆனது.

எங்கள் மேசையில் ஐந்து பேர். பெரியப்பா மகள் அக்கா, நான், அத்தை, அத்தை மகன், சித்தப்பா மகன் தம்பி. பொறியியல் படிக்கும் தம்பிதான் கேம் மாஸ்டர். கதை நடப்பது 2090ஆம் ஆண்டில். சித்தன்னவாசல் குகையின் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பெயர்த்துக்கொண்டு போக ஒரு கும்பல் வருகிறது, நாங்கள் காவல் நிற்கிறோம். எதிர்காலம் என்பதால் எங்களிடம் குறிபார்க்கும் கண்ணாடி உண்டு. போட்டுக்கொண்டால் துப்பாக்கிக் குழல் எங்கே நோக்கியிருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி தெரியும். காற்றும் தூரமும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆட்ட விதியில் அதன் மதிப்பு கூட்டல் இரண்டு. உங்கள் சுடும் திறனோடு 2 சேரும்.

சண்டை வந்தது இந்த இரண்டால்தான். அக்காவின் பாத்திரம் கண்ணாடி போட்டுச் சுட்டு, கும்பல் வந்த வண்டியின் சக்கரத்தைச் சாய்த்தாள். தம்பி, "அது ஓந் திறமை இல்லக்கா, கண்ணாடி சுட்டுச்சு" என்றான். அடுத்த சுற்றில் அத்தை மகனும் அதே கண்ணாடியைப் போட்டுச் சுட்டார். பட்டது. "செம்ம ஷாட் மச்சான்!" என்றான் அதே தம்பி.

அக்கா கோபப்படவில்லை. "அந்தத் தாளக் குடுடா" என்று இரண்டு பேர் தாளையும் வாங்கிக்கொண்டாள். கணக்கு வாத்தியார் அவள்.

நாங்கள் பயன்படுத்துவது கர்ப்ஸ் என்ற விதிநூல். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் வெளியிட்டது. அதில் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை உங்கள் திறனுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் வெற்றி. மூன்று பகடைகள் விழ 216 வழிகள் உண்டு. நடுத்தர எண்களான 10, 11 அதிக வழிகளில் வரும். 3, 18 ஆளுக்கு ஒரே ஒரு வழியில்தான் வரும். இதனால் திறனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே மதிப்பு இருக்காது. திறன் 10 உள்ளவருக்கு 216இல் 108 வழிகள் வெற்றி, அதாவது பாதிக்குப் பாதி. 12 என்றால் 160. 14 என்றால் 196. 16 என்றால் 212.

இப்போது கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். 10 திறன் உள்ள புதியவருக்கு 52 வழிகள் கூடுகின்றன. 12 திறன் உள்ளவருக்கு 36. 14 திறன் உள்ள தேர்ந்தவருக்கு 16தான். ஒரே கருவி, ஒரே கூட்டல் இரண்டு. ஆனால் யார் இதுவரை வெளியே நின்றார்களோ அவர்களுக்கே அதிகம் கொடுக்கிறது.

எல்லா ஆட்டங்களிலும் இப்படி இல்லை. மைக் பாண்ட்ஸ்மித் உருவாக்கிய சைபர்பங்க் 2020 ஆட்டத்தில் ஒரே ஒரு பத்துமுகப் பகடை. ஸ்மார்ட்கன் தருவது அங்கேயும் கூட்டல் இரண்டுதான். ஆனால் பத்துமுகப் பகடையில் எல்லா எண்ணும் சமம். பெரும்பாலான நேரம் புதியவருக்கும் தேர்ந்தவருக்கும் ஒரே இருபது சதவீதம் கூடும். 1989இல் வந்த ஷேடோரனின் தொடக்கப் பதிப்புகளில் ஸ்மார்ட்லிங்க் சுடுபவரின் எண்ணைத் தொடவே தொடாது. எட்ட வேண்டிய இலக்கு எண்ணை இரண்டு குறைக்கும். இயந்திரம் உங்கள் திறமையைக் கூட்டுகிறதா, வேலையை எளிதாக்குகிறதா? விதி எழுதுபவர் ஒவ்வொருவரும் இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். பகடைக்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

அக்கா கணக்கை முடித்தாள். அவள் பாத்திரத்தின் திறன் 12. அன்று பகடையில் விழுந்தது 11. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுட்டிருந்தாலும் பட்டிருக்கும். அத்தை மகனின் திறன் 14. அவருக்கு விழுந்தது 15. கண்ணாடி இல்லாவிட்டால் அவர் குறி தப்பியிருக்கும். அதாவது அக்கா சுட்டது அவளே சுட்டது. கண்ணாடி சுட்டது 'செம்ம ஷாட் மச்சான்'.

தம்பி கெட்டவன் இல்லை. அக்காவின் சுடிதார் துப்பட்டாவில் முட்டுக்கட்டையாக எந்த எண்ணத்தையும் அவன் வேண்டுமென்று கட்டவில்லை. அவன் சொன்னதை நாம் எல்லோரும் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அத்தை முப்பது வருடமாகத் துணி தைக்கிறார். தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டிய மாதமே, ரவிக்கை வாங்க வந்த ஒருவர், "மோட்டாருதான ஆத்தா ஓடுது, நீ மிதிக்கிறியா என்ன? பத்து ரூவா கொறச்சுக்க" என்று பேரம் பேசினார். கழுத்து வளைவை மோட்டார் வெட்டவில்லை. தோள் அளவை மோட்டார் எடுக்கவில்லை. ஆனாலும் கூலியைக் கேட்டபோது மோட்டார்தான் தைத்ததாக ஆனது. அதே தெருவில் டிராக்டர் ஓட்டுபவரிடம் "வண்டிதான உழுவுது" என்று யாரும் கூலியைக் குறைத்ததில்லை. அவர் நல்ல டிரைவர் என்றுதான் பெயர். இயந்திரம் ஆணின் கைக்குப் போனால் கை நீளுகிறது. பெண்ணின் கைக்கு வந்தால் கை காணாமல் போகிறது.

குறிபார்க்கும் இயந்திரத்தின் உண்மையான வரலாற்றைப் பார்த்தால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். விமானத்தைத் தரையிலிருந்து சுடுவது கடினம். குண்டு மேலே போய்ச் சேரும் சில நொடிகளில் விமானம் வேறிடத்துக்குப் போய்விடும். அது எங்கே இருக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டு அங்கே சுட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இதற்கென்று 'பிரிடிக்டர்' என்ற கணக்கிடும் இயந்திரத்தைப் பயன்படுத்தியது. 1941 முதல் ஆண்களும் பெண்களும் சேர்ந்த விமான எதிர்ப்புப் படைப்பிரிவுகள் களத்தில் இறங்கின. ஏ.டி.எஸ். என்ற துணைப்படையைச் சேர்ந்த பெண்கள் தொலைநோக்கி வழியாக விமானத்தைத் தொடர்ந்தார்கள், உயரத்தை அளந்தார்கள், ராடாரைக் கவனித்தார்கள், பிரிடிக்டரை இயக்கினார்கள். பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரியும் இப்படியொரு பிரிவில் இருந்தார். குண்டுகள் விழும் அதே மைதானத்தில் நின்றுதான் இந்த வேலை. ஆனால் பீரங்கியைச் சுட மட்டும் அவர்களுக்கு அனுமதி கிடையாது. அது ஆண்களின் வேலை.

நம் ஆட்ட மொழியில் சொன்னால், அந்தப் பெண்கள்தான் கூட்டல் இரண்டு. விமானம் விழுந்தால் வீழ்த்தியவர் விசையை இழுத்தவர்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் என்ற மின்னணுக் கணினியின் கதையும் இதே துப்பாக்கிக் கதைதான். குண்டு பாயும் பாதையைக் கணக்கிட்டுப் பீரங்கி அட்டவணைகள் தயாரிக்க அமெரிக்க ராணுவம் அதைக் கட்டச் சொன்னது. அதற்கு முன் அந்தக் கணக்கைக் கையால் போட்ட பெண்களுக்குப் பதவிப் பெயரே 'கம்ப்யூட்டர்'. அறுபது நொடி பாயும் ஒரு குண்டின் பாதையை மேசைக் கால்குலேட்டரில் போட ஒருத்திக்குச் சுமார் இருபது மணி நேரம் ஆகும். எனியாக் முப்பது நொடியில் முடித்தது. முடிக்கும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கே மக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள். 1946இல் அதை உலகுக்குக் காட்டிய விழாவில் அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

"சரி, இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பார்ப்போம், அப்போது திறமை யாருடையது என்று தெரிந்துவிடும்" என்று ஒருவர் சொல்லலாம். அப்படியும் பார்த்தாயிற்று. ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்குத் தொலைநோக்கி கிடையாது, லேசர் கிடையாது. ஒரு சிறு துளை வழியே கண்ணால்தான் பார்க்க வேண்டும். இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். மின்னணு இலக்கு அடியை எண்ணுமே தவிர, குறிபார்த்துத் தராது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தப் போட்டியில்தான் உலகத் தரவரிசையின் உச்சிக்குப் போனார். இங்கே எந்தக் கண்ணாடியின் மீதும் பழி போட முடியாது.

ஆனாலும் வழி இருந்தது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டியில் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே போட்டியிட்டார்கள். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் எல்லோரையும் வென்று தங்கம் வாங்கினார். 1996 அட்லாண்டாவில் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டுமானது. பெண்களுக்கான ஸ்கீட் 2000இல்தான் வந்தது. இடையில் ஜாங் ஷான் தன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளச் சுட ஒரு போட்டிகூட அங்கே இல்லை. இயந்திரம் இருந்தால் இயந்திரம் சுட்டது என்கிறார்கள். இயந்திரம் இல்லாமல் சுட்டால் மைதானத்தையே எடுத்துவிடுகிறார்கள். ஆக, பிரச்சினை கண்ணாடியில் இல்லை.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பெண்ணின் குறியைப் பெண்ணின் கணக்கில் எழுதுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அத்தை விடவில்லை.

அடுத்த வாரம், கதையில் நாங்கள் பேருந்து நிலையத்துக்குள் கும்பலைத் துரத்திக்கொண்டிருந்தோம். அத்தையின் பாத்திரம் சுட்டது. கூட்டுத்தொகை 17. "மிஸ்ஸு அத்த. அடுத்தது மச்சான்" என்றான் தம்பி. அத்தை பகடையைக் கொடுக்கவில்லை.

"தப்பிப் போன குண்டு எங்கடா போச்சு?"

"மிஸ்ஸுன்னா மிஸ்ஸுதான் அத்த."

"பஸ்ஸ்டாண்டுல சுட்டேன். எங்கயாச்சும் போயிருக்கணும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. எங்களுக்கு அருகே, நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டியில், பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுக்கும் துப்பாக்கி சுடும் தளம் இருந்தது. மலையடிவாரத்தில் இலக்குகளை நட்டுச் சுடுவார்கள். 2021 டிசம்பர் 30 அன்று அங்கே பயிற்சி நடந்தபோது, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நார்த்தாமலையில் தன் தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். சுட்டவரின் கணக்கில் அது ஒரு தவறிய குண்டு. ஒரு தாயின் கணக்கில் அது வேறு.

பல ஆட்டங்களில் 'மிஸ்' என்றால் குண்டு காற்றில் கரைந்துவிடும். எங்கள் கர்ப்ஸ் விதிநூலில் இதற்கு ஒரு விதி உண்டு. குறி தப்பினால், அதே கோட்டில் நிற்கும் வேறொருவர்மீது படுகிறதா என்று தனியாகப் பகடை உருட்ட வேண்டும். ஆட்டம் தாமதமாகும் என்று தம்பி அதை எடுத்துவிட்டிருந்தான். நேரம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவது எப்போதும் பக்கத்தில் நிற்பவர்களின் உயிராகவே இருப்பதை அன்று கவனித்தேன்.

கண்ணாடியால் இங்கே என்ன செய்ய முடியும்? குறி தப்புவதைக் குறைக்கும், உண்மை. ஆனால் சுட வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. சொல்லிக்கொடுத்ததை மட்டும்தான் செய்யும். டெக்சாஸைச் சேர்ந்த டிராக்கிங்பாயிண்ட் நிறுவனம் கணினி பொருத்திய ஒரு ரைஃபிளை விற்றது. இலக்கைக் குறித்துவிட்டு விசையை இழுத்துப் பிடித்தால், குழல் சரியான இடத்துக்கு வரும்போது தானே வெடிக்கும். எங்கள் கற்பனைக் கண்ணாடியின் நிஜ வடிவம். 2015இல் ரூனா சாண்ட்விக் என்ற பெண்ணும் அவர் கணவர் மைக்கேல் ஆகரும் வைஃபை வழியாக அதற்குள் நுழைந்து காட்டினார்கள். குண்டின் எடை இவ்வளவு என்று உள்ளே இருந்த ஓர் எண்ணை மாற்றினார்கள். சுடுபவர் குறித்த இலக்கு அப்படியே நின்றது, பக்கத்து இலக்கில் குண்டு பாய்ந்தது. அந்த மாற்றத்தைத் திரையில் கண்டுபிடிப்பது கடினம். ஒன்றை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை. கை இழுக்காமல் அந்தத் துப்பாக்கியைச் சுட வைக்க முடியவில்லை.

ஆகவே சுடும் திறன் என்று தாளில் ஒரே எண்ணாக எழுதியிருப்பது மூன்று விஷயம். ஒன்று, கண்ணும் கையும். இரண்டு, காற்று, தூரம், நேரம் பற்றிய கணக்கு. மூன்று, இலக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, சுடலாமா கூடாதா என்று முடிவெடுப்பது. இயந்திரம் முதல் இரண்டையும் தாங்கும். மூன்றாவதைத் தாங்காது. ஏ.டி.எஸ். பெண்களிடம் முதல் இரண்டையும் கொடுத்துவிட்டு மூன்றாவதைத்தான் மறுத்தார்கள். நமக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல. முடிவெடுக்கும் அந்த இடமும், அதற்குப் பொறுப்பேற்கும் உரிமையும். "நான் சுட்டேன்" என்று சொல்ல முடிகிறவளால்தான் "நான் சுடவில்லை" என்றும் சொல்ல முடியும்.

எங்கள் மேசையில் விதிகளை மாற்றினோம். கண்ணாடியின் எண்ணைத் திறனோடு சேர்த்து எழுதுவதில்லை. பக்கத்தில் தனியாக எழுதுகிறோம். பகடை விழுந்ததும் கேம் மாஸ்டர் அது ஆளின் அடியா, கருவியின் அடியா என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். தப்பிய குண்டுக்கான விதி திரும்பி வந்துவிட்டது. 'பின்னால் பார்த்தல்' என்று ஒரு புதிய திறன் சேர்த்திருக்கிறோம். அதற்குக் கண்ணாடியின் கூட்டல் கிடையாது. ஆட்டம் மெதுவாகத்தான் போகிறது. ஓவியம் இன்னும் குகையில் பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் அக்காவின் பாத்திரம் கும்பல் தலைவனை நேர்கோட்டில் பிடித்துவிட்டது. கண்ணாடியில் புள்ளி பச்சையாக நின்றது. அவள் 'பின்னால் பார்த்தல்' உருட்டினாள். 8 விழுந்தது. அவனுக்குப் பின்னால் சுண்டல் விற்கும் ஒரு பெண்ணும் அவள் பிள்ளையும் என்றான் தம்பி. அக்கா துப்பாக்கியை இறக்கினாள், தலைவன் தப்பித்தான். ஆட்ட முடிவில் அனுபவப் புள்ளி பிரிக்கும்போது, அந்தச் சுற்றுக்கு அக்காவுக்கு எத்தனை என்று தம்பி அத்தையைப் பார்த்துக் கேட்டான்.

"முழுசாப் போடு" என்றார் அத்தை.